பழைய சுவர்மேல் போட்ட புது மெட்டல் சைடிங்: கோளாறை அடையாளம் கண்டு சரிசெய்யும் வழி

கனடாவின் டொரொண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் கட்டிய சின்ன வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. அவற்றின் வெளிச்சுவரை ஓரிடத்தில் பிரித்துப் பார்த்தால் படை படையாக வரும். அடியில் மரப்பலகை, அதன்மேல் செங்கல் போல அச்சடித்த தார் அட்டை, சில வீடுகளில் அதற்கும் மேல் அறுபது எழுபதுகளில் அடித்த அலுமினியம். இந்த வீடுகளை வாங்கும் நம் ஆட்கள் பலர் எதையும் கழற்றாமல் அதன்மேலேயே புது ஸ்டீல் அல்லது அலுமினிய சைடிங் (வெளிச்சுவரை மூடும் தகடுகள்) போட்டுவிடுகிறார்கள். கழற்றும் கூலியும் குப்பை ஏற்றும் செலவும் மிச்சம், வீடும் சில நாளில் புதிதாகத் தெரிகிறது. பழைய அலுமினியத்தை மட்டும் கழற்றிவிட்டால் இது தப்பான முறை என்று சொல்ல மாட்டேன். அடியில் இருக்கும் மரம் உறுதியாக இருந்து வேலையும் முறையாக நடந்திருந்தால் பல பத்தாண்டு தாங்கும்.

ஆனால் கோளாறு வரும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கறை, சத்தம், நெளிவு எல்லாம் கண்ணுக்குத் தெரிவது புதுத் தகட்டில். காரணம் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால் எதைப் பார்த்தாலும் உடனே கோக்கிங் (இடுக்கை அடைக்கும் பசை) குழாயோடு ஏணியில் ஏறாதீர்கள். முதலில் எந்த இடம், எந்த நேரம், எந்தக் காலநிலை என்று குறித்து வையுங்கள். கோளாறு எங்கே என்று பாதிக்கு மேல் அந்தக் குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றத் தொடங்குமுன் இன்னொரு எச்சரிக்கை. அடியில் சாம்பல் நிறத்தில், கையால் தட்டினால் பீங்கான் போலக் கணீரென்று ஒலிக்கும் கெட்டியான ஓட்டுத் துண்டுகள் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்டாக இருக்கலாம். அதை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். தேர்ச்சி உள்ளவரை வைத்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி முடிவு தெரிந்த பிறகு மேற்கொண்டு யோசியுங்கள். கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களுக்குப் பொதுத்தடை வந்ததே 2018 கடைசியில்தான். 1960-க்கு முந்தைய வீட்டின் பழைய மரப்பலகைப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதையும் உலர்வாகச் சுரண்டக் கூடாது.

தொட்டால் கையில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது

இது ஒன்றுக்கு மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். சுவரை விட்டு எல்லாரும் விலகுங்கள், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே கூட்டிப்போங்கள், ஹைட்ரோ (மின்சார) நிறுவனத்தை அழையுங்கள். உலோகச் சுவரில் ஓரிடத்தில் மின்சாரம் ஏறினால் ஒன்றோடொன்று கோர்த்த தகடுகள் வழியே அந்தப் பக்கம் முழுவதும் பரவும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரின் உறை தேய்ந்து தகட்டில் உரசியிருக்கும். ஸ்ட்ராப்பிங் (தகட்டைத் தாங்கச் சுவரில் அடிக்கும் மரப்பட்டிகள்) அடித்த நீளமான ஸ்க்ரூ சுவருக்குள் ஓடும் வயரைத் துளைத்திருக்கும். வெளிவிளக்கின் பெட்டியைப் புதுச் சுவரின் முகத்துக்கு நீட்டாமல் வயரை மட்டும் இழுத்து, தகட்டின் விளிம்பு அதை அறுத்திருக்கும். மழை நாளில் மட்டும் ஷாக் வந்தால் விளக்குப் பெட்டியை முதலில் சந்தேகிக்கலாம். ஆனால் திறந்து பார்க்கும் வேலை உங்களுடையது அல்ல. ஒன்டாரியோவில் கூலிக்கு மின்வேலை செய்ய ஒப்பந்ததாரர் உரிமம் கட்டாயம், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வெயில் ஏறும்போது டக் டக் சத்தம், தகடு அலை அலையாகத் தெரிகிறது

காலையில் கிழக்குச் சுவரிலும் மாலையில் மேற்குச் சுவரிலும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், தகடு நீள முயல்கிறது, ஆணி விட மறுக்கிறது.

ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி வரை குளிரும் கருநிறத் தகடு, ஜூலை வெயிலில் 60 டிகிரியைத் தொடும். அந்த 80 டிகிரி வித்தியாசத்தில் 12 அடி நீள அலுமினியத் தகடு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். ஸ்டீல் அதில் பாதி நீளும். இதற்காகத்தான் தகட்டின் மேல்விளிம்பில் ஆணிக்கு வட்டத் துளை இல்லாமல் நீளவாக்கில் துளை வெட்டியிருக்கிறார்கள். ஆணி அந்தத் துளையின் நடுவில் இறங்க வேண்டும், தலைக்கும் தகட்டுக்கும் இடையே 1 மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். தகடு ஆணியில் தொங்க வேண்டும், அறைந்து இறுகக் கூடாது. அவசரமாக ஆணித் துப்பாக்கியால் அடித்துக்கொண்டு போனவர்களின் வேலையில் ஆணித்தலை தகட்டை அமுக்கிப் பள்ளமே போட்டிருக்கும்.

சோதிப்பது எளிது. தகட்டின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் தட்டையாக வைத்து இடமும் வலமுமாகத் தள்ளிப் பாருங்கள். சரியாகத் தொங்கும் தகடு கொஞ்சம் நழுவும், கையிலேயே தெரியும். அசையவே இல்லை என்றால் இறுக்கி அடித்திருக்கிறார்கள். அடுத்து இரு முனைகளையும் பாருங்கள். மூலைத்தூணுக்குள்ளும் ஜே-சானலுக்குள்ளும் (ஜன்னல், கதவு ஓரத்தில் தகட்டின் முனையை வாங்கும் பட்டி) தகடு முட்டிக்கொண்டு நிற்கிறதா? அலுமினியமானால் அங்கே சுமார் 6 மில்லிமீட்டர் இடம் விட்டிருக்க வேண்டும். யாராவது அந்த இடைவெளியை அழகுக்காகக் கோக்கிங் வைத்து அடைத்திருந்தால் அதுவும் தகட்டைக் கட்டிப்போட்டதுதான்.

தீர்வில் குறுக்குவழி கிடையாது. மேலிருந்து தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆணிகளைத் தளர்த்தி, மறுபடி மாட்ட வேண்டும். முனை முட்டுவது மட்டுமே பிரச்சினை என்றால் அந்த முனையைக் கத்தரித்தாலே போதும்.

ஆணி எல்லாம் சரி, வெயில் இல்லாத நாளிலும் சுவர் நெளிவாகவே தெரிகிறது என்றால் கோளாறு அடித்தளத்தில். ஒரு நூலை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டி, ஸ்ட்ராப்பிங் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் நூலுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பழைய மரப்பலகையின் படிகள் மேல் ஸ்ட்ராப்பிங்கை அப்படியே அடித்துவிட்டு, பள்ளமான இடங்களில் அண்டை கொடுக்காமல் விட்டிருப்பார்கள். இதைவிட மோசமானது பழைய அலுமினியத்தின் மேலேயே ஸ்ட்ராப்பிங் அடிப்பது. அதன் பின்புறம் வெற்றிடம், ஸ்க்ரூவை இறுக்க இறுக்க ஓரிடம் அமுங்கும், பக்கத்தில் புடைக்கும். அப்படிப்பட்ட வேலையில் பின்னால் எதைத் திருத்தினாலும் சுவர் நேராகாது. மரப்பலகைமேல் புதுசு போடலாம், பழைய அலுமினியத்தையும் வினைல் (பிளாஸ்டிக்) சைடிங்கையும் மட்டும் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றும் அலுமினியத்தை இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள், செலவில் ஒரு பகுதி திரும்பும்.

காற்றடித்தால் கடகடவென்று ஆடுகிறது

கீழ்விளிம்பின் கொக்கி அடியில் உள்ள தகட்டோடு முழுமையாகப் பூட்டிக்கொள்ளவில்லை. விளிம்பு நெடுக விரலை ஓட்டிக்கொண்டு போனால் பூட்டாத இடம் விரலுக்குத் தெரியும். மேல்நோக்கித் தள்ளி, ரப்பர் சுத்தியால் கட்டைத்துண்டு ஒன்றை வைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். ஸ்ட்ராப்பிங் 16 அங்குல இடைவெளியில் இல்லாமல் 24 அங்குலத்தில் இருந்தாலும் மெல்லிய தகடு நடுவில் துடிக்கும். அதற்குப் பின்னால் ஃபோம் அட்டை செருகுவதுதான் வழி. ஒருபோதும் தகட்டின் முகத்தில் ஆணி அடிக்காதீர்கள். ஆட்டம் நிற்கும், அடுத்த வெயிலில் அதே இடம் நெளியும், மழையில் அந்தத் துளை வழியே நீர் இறங்கும்.

ஜன்னலுக்குக் கீழே கறை, உள்சுவரில் ஈரம்

எல்லாக் கோளாறிலும் வீட்டுக்கு அதிகச் சேதம் செய்வது இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

பழைய சுவர்மேல் ஸ்ட்ராப்பிங்கும் தகடும் சேரும்போது சுவர் ஓர் அங்குலத்துக்கும் மேல் தடிக்கிறது. ஜன்னல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு ஜன்னலின் அடிக்கட்டை சுவரைவிட வெளியே நீட்டியிருந்தது. அதன் அடியில் ஒரு சின்னக் காடி (பள்ளக் கோடு) இருக்கும், மழைநீர் அந்தக் காடியில் அறுபட்டுச் சுவரைத் தொடாமல் தரையில் சொட்டும். இப்போது புதுச் சுவரின் முகம் அந்தக் காடியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. சொட்டும் நீர் நேராகப் புதுத் தகட்டுக்குப் பின்னால் விழுகிறது. வெளியே எல்லாம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் நனைந்துகொண்டே இருக்கும்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ளத் தோட்டக்குழாயே போதும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும், ஒருவர் வெளியே. நீரைக் கீழிருந்து மேலாகத்தான் கொண்டுபோக வேண்டும். முதலில் ஜன்னலுக்குக் கீழுள்ள சுவரை மட்டும் பத்து நிமிடம் நனையுங்கள். உள்ளே ஈரம் வரவில்லை என்றால் அடிக்கட்டை, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போகும். நீரை மழை போல விழவிடுங்கள், பீய்ச்சி அடிக்காதீர்கள்.

கீழ்ச்சுவரை நனைக்கும்போதே உள்ளே வந்தால் தகடுகளுக்குப் பின்னால் உள்ள நீர்ப்புகாக் காகிதம் கிழிந்திருக்கிறது அல்லது போடவே இல்லை. அடிக்கட்டையை நனைக்கும்போது வந்தால் மேலே சொன்ன காடிப் பிரச்சினை. அடிக்கட்டையை மரத்தால் நீட்டி, அதன்மேல் அலுமினியக் கேப்பிங்கை (மூடுதகட்டை) வெளிப்புறம் சரிவாக வளைத்து, முனை புதுச் சுவரைவிட அரை அங்குலமாவது துருத்திக்கொண்டு நிற்கும்படி செய்ய வேண்டும்.

பக்கங்களில் வந்தால் ஜே-சானலின் கீழ்மூலையைப் பாருங்கள். பக்கவாட்டுச் சானல் ஒரு குழாய் போலத்தான் வேலை செய்கிறது. இறங்கும் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. மூலையில் அது கீழ்த்தகட்டின் ஆணிப்பட்டிக்கு (ஆணி அடிக்கும் மேல்விளிம்புக்கு) முன்னால் வந்து விழ வேண்டும். அதற்காக மூலைக்கு அடியில் நீர்ப்புகாக் காகிதத் துண்டு ஒன்றை விட்டு, அதன் கீழ்முனையை அடுத்த தகட்டின் ஆணிப்பட்டிக்கு வெளியே எடுத்துவிடுவார்கள். கைத்தேர்ச்சி உள்ளவர் இதைத் தவறவிட மாட்டார், அவசரக்காரர் இதைத்தான் முதலில் விடுவார். சின்னத் துண்டுதான், ஆனால் ஒரு ஜன்னல் சுவர் அழுகுவதும் அழுகாததும் அதில் இருக்கிறது.

மேல்விளிம்பில் வந்தால் ஃப்ளாஷிங்கை, அதாவது நீரை வெளியே தள்ளும் வளைந்த தகட்டை, பாருங்கள். அது காகிதத்துக்குப் பின்னால் செருகியிருக்க வேண்டும். காகிதத்துக்கு முன்னால் ஒட்டி மேலே கோக்கிங் வைத்திருந்தால் அந்தக் கோக்கிங் சில குளிர்காலத்துக்கு மேல் தாங்காது.

இன்னொரு இடம் கீழ்க்கூரை சுவரைச் சந்திக்கும் முனை. கூரையின் ஓரத்தில் ஓடிவரும் நீரைக் கட்டருக்குள் (கூரைநீர் வடிகாலுக்குள்) திருப்பிவிட ஒரு வளைந்த ஃப்ளாஷிங் துண்டு அங்கே வேண்டும். அது இல்லாவிட்டால் கூரையின் ஒரு பக்க நீர் முழுவதும் சைடிங்குக்குள் போகும். கறை ஜன்னலுக்குக் கீழே தெரிவதால் எல்லாரும் ஜன்னலையே பழிப்பார்கள்.

எது செய்தாலும் தகட்டின் கீழ்விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளை அடைக்காதீர்கள். உள்ளே போன நீர் வெளியே வர அவைதான் வழி. ஒழுகுகிறது என்று அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே போன நீர் உள்ளேயே தங்கும்.

குளிர்காலத்தில் சுவரில் பனிக்கட்டி, வசந்தத்தில் பழுப்புக் கறை

ஜனவரியில் வெளியே போய்ப் பாருங்கள். டிரையர் வென்ட் அல்லது குளியலறை மின்விசிறிக் குழாயைச் சுற்றியுள்ள தகட்டின் விளிம்புகளில் பனிக்கட்டி தொங்கினால் அந்தக் குழாய் புதுச் சுவரின் முகம்வரை வரவில்லை. சுவர் தடித்தபோது குழாயை நீட்டாமல் மூடியை மட்டும் புதுத் தகட்டில் திருகியிருக்கிறார்கள். சூடான ஈரக்காற்று இடையில் உள்ள வெற்றிடத்தில் கொட்டுகிறது. மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் தகட்டின் பின்புறத்தில் சாம்பல் நிறப் பஞ்சு ஈரமாக அப்பியிருப்பது தெரியும். டிரையர் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும், அதனால் இது ஈரப் பிரச்சினை மட்டுமல்ல. உலோகக் குழாயால் நீட்டி, இணைப்பை அலுமினிய டேப்பால் சுற்றுங்கள். துணிப்பசை டேப் சூட்டில் உரிந்துவிடும்.

சமையலறைக் குழாயையும் மறக்காதீர்கள். அரிசி கொதிக்கும் ஆவியும் தாளிக்கும் எண்ணெய்ப்புகையும் நம் வீடுகளில் தினமும் அந்த வழியாகத்தான் போகின்றன. சுவருக்குள் கசிந்தால் கறை பிசுபிசுப்பாக இருக்கும், வாசனையிலேயே தெரிந்துவிடும்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸின் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் சைடிங்கோடு ஒட்டிப் புதைந்தது போல நின்றால் தொடாதீர்கள். டிஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவுள்ள எரிவாயு வேலைக்காரரை அழையுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

குழாய் எதுவும் இல்லாத சுவரிலும் ஈரம் என்றால் காரணம் வேறு. உலோகத் தகடு வழியே நீராவி வெளியேற முடியாது. வீட்டுக்குள்ளிருந்து சுவருக்குள் கசியும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டின் பின்புறத்தில் பட்டு நீராகிறது. தகட்டுக்குப் பின்னால் 10 மில்லிமீட்டராவது காற்றோடும் இடைவெளி இருந்து, அது மேலும் கீழும் திறந்திருந்தால் அந்த ஈரம் உலர்ந்துவிடும். ஸ்ட்ராப்பிங்கைச் செங்குத்தாக அடிப்பது இதற்காகவும்தான். படுக்கைவாட்டில் அடித்திருந்தால் ஒவ்வொரு கட்டையும் நீரைத் தேக்கும் திட்டாகிவிடும். அடியில் துளையில்லாத ஃபாயில் ஒட்டிய ஃபோம் அட்டை போட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். ஸ்க்ரூடிரைவர் முனையால் பழைய பலகையைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. ஈரமானி இருந்தால் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரத்தின்மேல் எதையும் மூடாதீர்கள், உலர விடுங்கள்.

துருப்புள்ளி, வெள்ளைப்பொடி

ஸ்டீல் தகட்டில் மிளகைத் தூவியது போலச் சின்னச் சின்னத் துருப்புள்ளிகள் பரவியிருந்தால் பக்கத்தில் கிரைண்டர் வைத்து அறுத்திருக்கிறார்கள். பறந்த இரும்புப்பொறிகள் பெயின்டில் ஒட்டித் துருப்பிடித்திருக்கின்றன. வெட்டிய விளிம்பே துருப்பிடித்தால் அதுவும் அதே கிரைண்டர் வேலைதான், அதன் சூடு விளிம்பின் துத்தநாகப் பூச்சைக் கருக்கிவிடும். கத்தரி அல்லது தகட்டைக் கடித்து வெட்டும் நிப்ளர்தான் இதற்குக் கருவி. புள்ளிகளை மென்மையான துணியால் சோப்புநீரில் துடைத்தெடுத்து, விளிம்பை அதே கம்பெனியின் தொடுபெயின்டால் மூடுங்கள்.

அலுமினியத்தில் வெள்ளைப்பொடி பூத்துத் தகடு குழிகுழியாக அரித்திருந்தால் அதன் பின்னால் என்ன மரம் என்று பாருங்கள். பச்சை நிறத்தில் பதப்படுத்திய மரத்தில் செம்பு கலந்த மருந்து இருக்கும். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தைத் தின்னும். வெளிவேலைக்குப் பதப்படுத்திய மரம்தான் நல்லது என்று நினைத்துப் பலர் அதையே ஸ்ட்ராப்பிங்காக அடிக்கிறார்கள், இங்கே அது நேர்மாறான பலன் தருகிறது. ஆணியும் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும்: அலுமினியத்துக்கு அலுமினிய ஆணி, ஸ்டீலுக்குத் துத்தநாகம் பூசிய ஆணி. டிரைவ்வே ஓரத்தில் மட்டும் அரிப்பு என்றால் குளிர்காலத்தில் தெளிக்கும் உப்புதான். ஏப்ரலில் ஒருமுறை அடிச்சுவரை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் போதும்.

பழைய அலுமினியத்தைத் தடவினால் கையில் மாவு போல ஒட்டுவது அரிப்பு அல்ல, பெயின்ட் வெயிலில் வெளுத்துப் பொடியாவது.

வரிசை சரிந்து தெரிகிறது

முதல் தகட்டைத் தாங்கும் ஸ்டார்ட்டர் ஸ்ட்ரிப்பை மட்டம் பார்க்காமல் பழைய சைடிங்கின் கோட்டைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். பழைய வீடு ஒரு பக்கம் இறங்கியிருக்கும், அந்தச் சரிவு அப்படியே மேலே போய்விட்டது. கீழிருந்து திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை. கண்ணை உறுத்துவதைத் தவிர வேறு கெடுதல் இல்லை என்பதால் விட்டுவிடுவதும் தப்பில்லை.

வீட்டுக்குள் போன் சிக்னல் குறைந்துவிட்டது

உலோகம் அலைகளை மறிக்கும், பழுது எதுவும் இல்லை. உங்கள் போன் நிறுவனத்தில் வைஃபை வழியாகப் பேசும் வசதியைத் திறந்துகொள்ளுங்கள்.

ஒரு தகடு மட்டும் நசுங்கிவிட்டது

பந்தோ ஆலங்கட்டியோ பட்டு நடுச்சுவரில் ஒரு தகடு நசுங்கினால் மேலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. வினைலைப் போல உலோகத் தகட்டின் கொக்கியைச் சுலபமாகப் பிரிக்க முடியாது, பிரித்தால் மடிந்துவிடும். அதனால் நசுங்கிய தகட்டை மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நீளவாக்கில் வெட்டிக் கீழ்ப்பகுதியை மட்டும் எடுங்கள், மேல்பட்டி ஆணியோடு அப்படியே இருக்கட்டும். புதுத் தகட்டின் ஆணிப்பட்டியை வெட்டி நீக்குங்கள். சுவரில் மிஞ்சிய பட்டியின்மேல் பியூட்டைல் பசையைத் தடித்த கோடாக இட்டு, புதுத்தகட்டின் கீழ்க்கொக்கியை முதலில் மாட்டி, மேல்முனையை அடுத்த தகட்டின் அடியில் செருகி அழுத்துங்கள். பசை இறுகும்வரை டேப் ஒட்டி வையுங்கள். பழைய நிறம் வெளுத்திருக்கும், கடையில் வாங்கும் புதுத்தகடு ஒட்டுப்போட்டது போலத் தெரியும். வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தகட்டைக் கழற்றி முன்பக்கத்துக்கு வைத்து, புதியதைப் பின்னால் போடுவது நல்ல யோசனை.

எப்போது முழுவதும் கழற்ற வேண்டும்

ஸ்க்ரூடிரைவர் ஓரிரு இடத்தில் மட்டும் இறங்கினால் அந்த இடத்தைத் திறந்து மரத்தை மாற்றி மூடலாம். ஒரே சுவரில் பல ஜன்னல்களுக்குக் கீழே இறங்கினால், அல்லது ஸ்டட் (சுவரின் செங்குத்துச் சட்டம்) வரை மெத்தென்று போனால், அந்தச் சுவரின் எல்லாப் படைகளையும் கழற்றியே ஆக வேண்டும். அழுகிய மரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, பெருங்காற்றில் தகடும் ஸ்ட்ராப்பிங்கும் சேர்ந்தே வரும். அப்படிக் கழற்றும் வேலையை மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் திறந்திருக்கும் நாள்களில் மரம் உலர வேண்டும், 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான கோக்கிங்கும் ஒட்டாது. அதுவரை ஒழுகும் ஜன்னலின் மேல்விளிம்பில் ஒரு தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவைத்தால் சேதம் பரவாமல் தடுக்கலாம்.